விட்டு ஏழு நாளானவர்

சிகரெட் குடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். குடிக்காதவரையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு இனத்தாராலும் நாட்டுக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. முன்னவர் இருமுவார், பின்னவர் மூக்கைப் பொத்துவார், அத்தோடு சரி. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தே ஊருக்குப் போய்விடுங்கள். அவர்தான் ‘விட்டவர்’. அதிலும் விட்டு ஏழு நாளைக்குள் இருப்பவர்.

தமிழே இந்த ஆளுக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. புகை விட்டவரும் விட்டவர்தான், புகையை விட்டவரும் விட்டவர்தான். நடுவில் இருப்பது ஒரே ஓர் ‘ஐ’. மார்க்கையன்கோட்டையில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு நடத்துகிறவன் கேட்கிறேன், அந்த ‘ஐ’யைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் தொங்க முடியும்? நான் விட்டவனில்லை. ஒரு நாளைக்கு ஆறு. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு நிதானமான பார்வை உண்டு.

விட்டவரைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்படவே வேண்டாம். அவரே சொல்லிவிடுவார். மணி என்ன என்று கேட்டால், ‘விட்டு அம்பத்தாறு மணி நேரம்’ என்பார். நீங்கள் கேட்டது அதுவா? இல்லை. அவர் கடிகாரத்தில் அந்த ஒரு முள்தான் ஓடுகிறது.

உதாரணத்துக்கு என் பக்கத்து வீட்டுக் கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்திரண்டு. குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் காலி செய்தவர். இடது காலில் பெருவிரல் ஓரம் கறுத்து வலி எடுக்கவும், தேனியில் ஒரு டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“காலுக்குப் போற ரத்தக் குழாய் அடைக்குது. சிகரெட்டு வேணும்னா சொல்லுங்க, கொஞ்சங் கொஞ்சமாக் கால எடுத்துக்கிட்டே வரலாம். காலு வேணும்னா அத விடுங்க. வேற விரல்ல வலி வந்தா அன்னைக்கே வந்துறணும்.”

கூட வந்திருந்த மனைவி தேவயானி அங்கேயே அழுதுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை விடிவதற்குள் குச்சனூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆற்றில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு எள் விளக்கைப் போட்டு, சனீஸ்வரன் முன்னால் நின்று கர்ணன் கோயிலே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டார்.

“சாமி! இந்த மண்ணுல இருக்கிற வரைக்கும் இனிச் சிகரெட்டத் தொட மாட்டேன்!”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சத்தியம் செய்கிற ஆள் வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம்.

அன்று மதியத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் கர்ணன்தான். சலூனில் சொன்னார், உரக் கடையில் சொன்னார், ரேஷன் வரிசையில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் தனித்தனியாகச் சொன்னார், சின்னமனூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்குமுன் சொன்னார், ஜெபமணி டீக்கடைக்கு டீ வேண்டாமென்றாலும் அதைச் சொல்வதற்காகவே போனார். ஜெபமணி கேட்டுவிட்டு, “நல்லதுண்ணே” என்றார். அவ்வளவுதானா? கர்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு மாலையாவது போட வேண்டாமா?

மறுநாள் முதல் கை தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. பாவம், இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்த கைக்குத் திடீரென்று வேலை இல்லை. பேனாவை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஓரமாகத் தட்டிச் சாம்பலை உதிர்ப்பார். உதிர்ந்ததா என்று கீழே வேறு பார்ப்பார். வாய்க்குத் தன் தோட்டத்து ஏலக்காய். பேசப் பேசக் கடிப்பார், பேசாதபோதும் கடிப்பார். நாக்கும் மூக்கும் உயிர் பெற்றன, குடும்பத்தின் கஷ்டகாலம் அங்கே தொடங்கியது. பதினைந்து வருஷமாக ருசித்துச் சாப்பிட்ட சாம்பாரில் பெருங்காயம் தூக்கலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்டுக் கூவுவதைக் கண்டுபிடித்து, அதன் சொந்தக்காரனான என்னிடம் சண்டைக்கு வந்தார்.

“அண்ணே, ஒண்ணும் நெனைக்காதீக” என்றாள் தேவயானி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. “வாயத் தொறந்தா பாயாசம் மணக்குது. வார்த்ததான் வேப்பங்காயா வருது.”

விட்டவருக்கு இன்னொரு குணம் உண்டு. குடிப்பவரைத் தேடித் தேடிப் போவார். திருத்துவதற்காக என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார். ஏலக்காய் மூட்டை ஏற்ற வந்த கம்பத்து லாரி டிரைவர் ரஃபியை நிறுத்தி வைத்து, நுரையீரல் எப்படிக் கெடுகிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அந்த முக்கால் மணி நேரமும் ரஃபி பீடி குடித்துக்கொண்டிருந்தார். கர்ணன் மெல்ல நகர்ந்து நகர்ந்து காற்று தன் பக்கம் வருகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

என்னிடம் வந்தால் அவருக்கு அந்த வெட்கமும் இல்லை. “நீங்க பாட்டுக்கு ஊதுங்க வாத்தியாரே, என்னைய ஒண்ணும் செய்யாது” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்தப் பக்கமாத் திரும்பித்தான் விடுங்களேன்” என்பார். நான் திரும்பி விட்டேன். நட்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சட்டைப் பையில் எந்நேரமும் ஒற்றைச் சிகரெட் வைத்திருந்தார். எதற்கு என்றால், வைராக்கியத்தைச் சோதிக்கவாம். மணிக்கு நாலு தடவை எடுப்பார், மோந்து பார்ப்பார், ‘பாத்தீகளா, பத்த வைக்கல’ என்று பெருமையோடு உள்ளே வைப்பார். பையிலே ஏலக்காயோடு கிடந்து கிடந்து அந்தச் சிகரெட்டும் பாயாசமாக மணக்கத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, ‘மண்ணு’ன்னா என்ன அர்த்தம்?”

“எடத்துக்குத் தக்கன இருக்கு. புழுதியும் மண்ணுதான், பூமியும் மண்ணுதான். நாட்டையும் மண்ணுன்னு சொல்றதுண்டு.”

“நாடா?” முகத்தில் ஐந்து நாளாகக் காணாத வெளிச்சம். “அப்ப ‘இந்த மண்ணு’ன்னு சொன்னா?”

“இந்த நாடு.”

“தமிழ்நாடு!” என்று தொடையைத் தட்டினார். “நான் சாமிகிட்ட அதத்தான சொன்னேன்? இந்த மண்ணுல இருக்கிற வரைக்கும்னு! குமுளி செக்போஸ்டத் தாண்டுனா அது வேற மண்ணுல்ல?”

உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றல்லவா அதற்குப் பொருள்? ஒரு தமிழாசிரியன் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதர் என்னிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்துபோகிற சந்தோஷத்தில் இருந்தேன். “சனீஸ்வரன் அங்கிட்டும் இருப்பாரே” என்று மட்டும் இழுத்தேன். “இருக்கட்டும். நான் பேசுனது இங்கன இருக்கிறவர்கிட்ட” என்று எழுந்துபோனார். ஆசைக்கு வக்காலத்து வாங்குவதில் விட்டவரை மிஞ்ச எந்த கோர்ட்டிலும் வக்கீல் கிடையாது.

சனிக்கிழமை தோட்டத்துக்குக் கிளம்பினார். காவலுக்குத் தேவயானியும் வந்தாள். பள்ளிக்கூடம் லீவு, நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஏறக் கர்ணனின் குணம் மாறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு சிரிப்பு. பெருங்காயம் தூக்கலான சாம்பாரைக்கூடப் பாராட்டினார். குமுளியில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது இடது காலை மெதுவாக ஊன்றினார். உட்கார்ந்தே வந்ததில் மரத்திருக்கும் என்று நினைத்தேன்.

“தேவயானி, தோட்டத்துல வேல செய்யிற ஆளுகளுக்கு நேந்திரங்கா சிப்சு வாங்கிட்டு வா. சூடாப் போடச் சொல்லி, நின்னு வாங்கு.”

அவள் கடைக்குள் நுழைந்ததும் கர்ணன் செக்போஸ்ட்டைக் கடந்தார், பின்னாலேயே நானும். பத்தடி, பதினைந்தடி. வேற்று மண்ணில் நன்றாக நின்றுகொண்டு, ஏழு நாள் சட்டைப் பையில் நசுங்கிய சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார். தீப்பெட்டி என்னுடையது. குச்சியை உரசியவனும் நான்தான். அதை ஒளிக்க மாட்டேன்.

நாங்கள் மறந்தது ஒன்று உண்டு. இது நடந்தது இரண்டாயிரத்தில். கேரளத்தில் மட்டும் பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய வருஷம்தான் கோர்ட் உத்தரவு வந்திருந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டிருந்த காலம். இந்தப் பக்கம் சத்தியம், அந்தப் பக்கம் சட்டம். ஒரு மனிதன் ஒரு சிகரெட் குடிக்க எங்கேதான் போவான்? எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர், நல்ல மனுஷர், போலீஸ் கண்ணில் படாமல் எங்களைக் கடையின் பின்பக்கம் அனுப்பலாமே என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“சேட்டன் வலிக்குமோ?”

மலையாளத்தில் சிகரெட்டை ‘வலிப்பார்கள்’, அதாவது இழுப்பார்கள். நீங்கள் சிகரெட் குடிப்பீர்களா என்கிறார். கர்ணனுக்கு இது தெரியாதா? பதினைந்து வருஷமாகத் தோட்டத்து ஆட்களோடு மலையாளத்தில் சண்டை போடுகிறவர். ஆனால் அன்று, கண்ணை மூடி நின்ற அந்த நேரத்தில், காதுக்குள் போனது தமிழ்தான்.

“வலிக்குதுய்யா” என்றார். வாயிலிருந்து சிகரெட் கீழே விழுந்தது. “பெருவெரலு மட்டுமில்ல, அடுத்த வெரலும் வலிக்குது. செவ்வாக்கெழமைலருந்து வலிக்குது. கால ஊன முடியல.”

நான் சிரித்துவிட்டேன். வார்த்தை தடுமாறினதைக் கேட்டதும் வாத்தியார் புத்தி சிரித்துவிட்டது. என்ன சொன்னார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பெரியவர் டீ வடிகட்டியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது. எங்களுக்குப் பின்னால் சிப்ஸ் பொட்டலத்தோடு தேவயானி வந்து நின்றிருந்தாள்.

“எந்த வெரலு?”

“அது... அவரு மலையாளத்துல கேட்டாரு...”

“எந்த வெரலுன்னு கேட்டேன்.”

செருப்பைக் கழற்றிக் காட்டினார். இரண்டாவது விரலின் நுனி நீலம் பாய்ந்திருந்தது.

“அன்னைக்கே வரணும்னு டாக்டரு சொன்னாகல்ல? ஊருக்கெல்லாம் சொன்னீக, விட்டேன் விட்டேன்னு. இத எங்கிட்டச் சொல்ல வாய் வரலையா?”

“சொன்னா நீ அழுவ” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “விட்டுமா வலிக்குதுன்னு நீ கேட்டுட்டா, அப்பறம் எதுக்கு விட்டோம்னு எனக்குத் தோணிரும்” என்றார்.

தேவயானி அழவில்லை. வந்த ஜீப்பிலேயே திரும்பினோம், நேராகத் தேனி. டாக்டர் விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நாலு நாளை வீணாக்கிவிட்டீர்கள் என்று திட்டினார். விட்டது விட்டதாகவே இருந்தால் இரண்டாவது விரல் தப்பும் என்றார். பெருவிரலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மதுரையில் ஒரு சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கர்ணன் அதை வாங்கி, சிகரெட் இருந்த பையில் வைத்துக்கொண்டார். ஏழு நாள் அவரை வைத்து ஊரெல்லாம் சிரித்தவன், கூடவே அவர் பக்கமாகத் திரும்பிப் புகை விட்டவன், ஆஸ்பத்திரி வாசலில் தேவயானியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

நீங்கள் சிகரெட்டைத் தொட்டதே இல்லையா? ரொம்ப சந்தோஷம். ஆனால் காப்பிக்குச் சர்க்கரையை விட்டிருப்பீர்கள், சீட்டாட்டத்தை விட்டிருப்பீர்கள், கோபத்தை விட்டுவிட்டதாக யாரிடமாவது கோபமாகச் சொல்லியிருப்பீர்கள். எதை விட்டீர்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கே வலிக்கிறது என்பது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? சட்டென்று பதில் வரவில்லை என்றால், இவ்வளவு நேரம் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.