டபுள்நட்டு அண்ணன் மணலில் புதைத்த டப்பா

அன்று வேனில் போனவர்கள் இவர்கள். ஓட்டியது ஆரோக்கியம், பாலக்கரைக்காரர். பின் சீட்டில் ரஃபீக், எங்கள் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர். அவர் பக்கத்தில் நான், வெல்டர். எங்கள் காலடியில் ஒரு ஜெனரேட்டர். முன் சீட்டில், இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, டபுள்நட்டு அண்ணன்.

டபுள்நட்டு அண்ணனைவிடப் பயந்த மனிதர் காவிரிக்கு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது.

அரியமங்கலத்தில் எங்கள் பட்டறைக்கு அவர்தான் மூத்த ஃபிட்டர். எந்த போல்ட்டைப் போட்டாலும் ஒரு நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு இறுக்குவார். மெஷினுக்கு அது சரி. வீட்டில் துணி காயப்போடும் கம்பிக்கும் அப்படித்தான். கல்யாணத்தில் மூன்று முடிச்சு போட்டுவிட்டு, எல்லாரும் அட்சதை போடுகிற மும்முரத்தில் நாலாவதாக ஒன்று போட்டார் என்பார்கள். நான் அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை.

"நட்டு கழண்ட ஆளுன்னு ஊர்ல எத்தனையோ பேரைச் சொல்லுவாங்க. ரெண்டு நட்டோட திரியற ஒரே ஆளு இவருதான்" என்பார் ஆரோக்கியம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால் அண்ணன் முதலில் டிரைவரிடம் போவார்.

"நேத்து நல்லா தூங்கினீங்களா?"

ஒரு டிரைவர் திருப்பிக் கேட்டார். "நீங்க தூங்கினீங்களா அண்ணே? மூஞ்சியப் பாத்தா தெரியலையே."

தூங்கியிருக்க மாட்டார். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று எழுந்து எழுந்து பார்ப்பவர் எப்படித் தூங்குவார்.

இப்படிப்பட்டவரை முதலாளி கோடியக்கரைக்கு அனுப்பினார். ஸ்ரீரங்கத்து மாமா ஒருவரின் உபயம். கோடியக்கரையில் ராமர் பாதம் இருக்கும் மேட்டுக்குப் படி உண்டு. மாமிக்கு முழங்கால் வலி. பிடித்து ஏற ஒரு கைப்பிடி போட்டால் மாமிக்கும் ஆகும், வருகிற வயசானவர்களுக்கும் ஆகும் என்று மாமா அனுமதி வாங்கியிருந்தார். ஒரு நாள் வேலை. தை மாதம்.

என் மனைவிக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. இன்னும் பத்து நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை கூட இருந்தார். முன்னால் ஒரு குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி நான் பட்டறையில் பேசுவதில்லை. அண்ணனுக்கு மட்டும் தெரியும். கிளம்பியதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"செல்வம், போன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்குண்ணே."

தஞ்சாவூர் தாண்டியதும் மறுபடி. "இப்ப இருக்கா?"

வேதாரண்யம் பக்கம் உப்பளம் வந்தது. வெள்ளை வெள்ளையாகக் குவியல். மழை பெய்தால் இத்தனையும் கரைந்துவிடுமே என்று அண்ணன் கவலைப்பட்டார். அவருடைய உப்பு இல்லை.

கோடியக்கரையில் ஒரு வனக்காவலர் ஏறிக்கொண்டார். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். சாயங்காலம் ஆறு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றார். ராத்திரி மிருகங்கள் நடமாடும் இடம். அண்ணன் வேன் கண்ணாடியை ஏற்றினார். அது பாதிக்கு மேல் ஏறாது.

வெட்டவெளியில் மான் கூட்டம் நின்றது. முறுக்கின கொம்பு. தூரத்துத் தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில். வழியில் குதிரைகள் நின்றன. குட்டையாக, பிடரி காற்றில் பறக்க.

"யாரு குதிரைங்க இது?" என்றார் அண்ணன்.

"யாருதும் இல்லைங்க. காலங்காலமா இங்கயே திரியுது."

"ராத்திரி எங்க கட்டுவீங்க?"

"கட்டறதே இல்ல."

கட்டாத குதிரை என்று ஒன்று இருப்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை.

காவலர் அந்த நாரைகளைக் காட்டினார். எங்கெங்கிருந்தோ வருஷா வருஷம் வந்து போகும் என்றார்.

"வழி தவறிட்டா?"

"தவறாதுங்க."

"நீங்க கூடப் போய்ப் பாத்தீங்களா?"

காவலர் என்னைப் பார்த்தார். நான் நாரையைப் பார்த்தேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு செங்கல் குவியல் இருந்தது. ராஜா காலத்துக் கலங்கரை விளக்கம், சுனாமியில் போய்விட்டது என்றார் காவலர். அதைக் காட்டியிருக்கக் கூடாது. அண்ணன் இறங்கி அஸ்திவாரத்தைத் தேடினார். பிறகு ராமர் பாதத்துக்கு வந்து, கைப்பிடிக் கம்பி நடும் குழியை இன்னும் ஓர் அடி ஆழமாகத் தோண்டச் சொன்னார். எல்லாக் குழியையும். ரஃபீக் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"அண்ணே, மாமி பிடிச்சிட்டு ஏறத்தானே கம்பி? கப்பலா கட்டப் போறோம்?"

"தோண்டு ரஃபீக்கு. ராஜா கட்டினதே நிக்கல."

மேட்டைப் பற்றிக் காவலர் சொன்னார். ராமர் இங்கே நின்றுதான் இலங்கையைப் பார்த்தாராம். இது ராவணன் கோட்டைக்குப் பின்பக்கம், பின்வாசல் வழியாகப் போவது வீரனுக்கு அழகில்லை என்று ராமேஸ்வரம் போய்ப் பாலம் கட்டினாராம்.

அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் விட்டார். காற்று கொண்டுபோயிற்று.

"பின்வாசலெல்லாம் இல்லைங்க. மணலு. ஃபவுண்டேஷன் நிக்காது. அவரு பாத்திருக்காரு."

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அடுத்த காரியத்தைச் செய்தார்.

குரங்கு இருக்கிறது, பை பத்திரம் என்று காவலர் சொல்லிவிட்டு ரவுண்டுக்குப் போனார். வேன் கண்ணாடிதான் மூடாதே. அண்ணன் எல்லாரிடமும் போனை வாங்கினார். மோதிரம், பர்ஸ், வேன் சாவி எல்லாம் வாங்கினார். பிஸ்கட் டின் ஒன்றில் போட்டார். டின்னை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். அதை இன்னொரு பையில் போட்டார். மேட்டடியில் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டார்.

இதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காவிரியில் குளிக்கப் போகிற திருச்சிக்காரர்கள் செய்வதுதானே. சாவியைத் துண்டில் சுற்றி மணலில் புதைத்துவிட்டு இறங்குவோம். ஏறி வந்தால் வைத்த இடத்தில் இருக்கும். ஆற்று மணல் சொன்ன பேச்சு கேட்கும்.

மற்ற போன்களை அணைத்தவர் என் போனை மட்டும் அணைக்கவில்லை. "வீட்டுலேருந்து வந்தா சத்தம் கேக்கும்" என்றார். ஃபிட்டர் அல்லவா, டேப்பை எடுத்து ஜெனரேட்டர் சக்கரத்திலிருந்து கிழக்கே ஒன்பது அடி என்று அளந்தும் வைத்தார்.

வேலை எங்களைப் படாதபாடு படுத்தியது. அந்தக் காற்றில் வெல்டிங் ஆர்க் நிற்கவில்லை. இரண்டு பேர் தார்ப்பாயைப் பிடிக்க நான் பற்ற வைத்தேன். தார்ப்பாய் ஆரோக்கியத்தையே தூக்கப் பார்த்தது. மத்தியானம் ஜெனரேட்டருக்குள் மணல் போய் இருமியது.

"அதைத் தூக்கிப் புதர் மறைவுல வைங்கப்பா" என்றார் அண்ணன்.

தூக்கி வைத்தோம்.

மூன்றரை மணி வாக்கில் ஒரே ஒரு இணைப்புதான் பாக்கி. ஸ்ரீரங்கத்து மாமாவும் மாமியும் காரில் வந்து சேர்ந்தார்கள். நான் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடலாம் என்று டின்னைக் கேட்டேன். அண்ணன் டேப்போடு ஜெனரேட்டரிடம் போனார். ஒன்பது அடி அளந்தார். அங்கே புதர்.

நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். நான் அவரிடம் அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஜெனரேட்டர் முதலில் நின்ற இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. சக்கரத் தடம் இல்லை. எங்கள் கால் தடமே இல்லை. காலையில் பள்ளமாக இருந்த இடம் இப்போது மேடு. வாடைக்காற்று அதுபாட்டுக்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இங்கதான்" என்றார் ரஃபீக்.

"இல்ல, அங்க" என்றார் ஆரோக்கியம்.

கையால் தோண்டினோம். தோண்டத் தோண்டத் தூர்ந்தது.

மாமாவிடம் போன் கேட்டேன். அத்தை நம்பரோ மனைவி நம்பரோ எனக்கு மனப்பாடம் இல்லை. என் நம்பர் தெரியும்.

"நீர் சொல்லும், நான் போடறேன்" என்றார் மாமா. கீழே சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போட்டார். காதில் வைத்தவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"பிஸின்னு வரதே! வேற யாரோ கூப்பிடறா போலிருக்கு!"

யார் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

"எல்லாரும் படுங்க. காதை வைங்க" என்றார்.

படுத்தோம். நாலு பேரும் நாலு திக்கில், மணலில் கன்னத்தை வைத்து. எங்கோ மெல்லியதாக மணி அடித்தது. காற்று அதை ஒரு நேரம் இந்தப் பக்கம் கொண்டுவந்தது, ஒரு நேரம் அந்தப் பக்கம். ரஃபீக் கிழக்கே கை காட்டினார். ஆரோக்கியம் தெற்கே. மணி நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. நாங்கள் கிடப்பதைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். வரிசையாக எங்கள் பக்கத்தில் விழுந்து கும்பிட்டார்கள். மாமிக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்னா, இங்கேயும் சேவிக்கணுமோ? இவாளெல்லாம் சேவிக்கறாளே."

"அவா டப்பாவைத் தேடறாடி."

"இருந்தா என்ன, புண்ணிய பூமிதானே" என்று மாமி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார். "எத்தனை நேரம் இப்படிப் படுக்கணுங்க?"

"கிடைக்கிற வரைக்கும்" என்றேன்.

"பலன் நிச்சயமா கிடைக்குமா?"

மறுபடி மணி அடித்தது.

அண்ணன் எழுந்து பையிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். சுத்தியல் சத்தத்திலேயே கழிந்த காலம், அவருக்குக் காது பாதிதான் கேட்கும். பட்டறையில் மோட்டார் பேரிங்கைச் சோதிக்க ஸ்க்ரூ டிரைவர் முனையை அதில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துவார். உள்ளே ஓடுவது தெரியும். அதையே செய்தார். மணலில் குத்துவார், பிடியில் காதை வைப்பார், பிடுங்குவார், நகர்ந்து குத்துவார். முழங்காலில் போனார். வாய் ஏதோ முணுமுணுத்தது. மணி நின்றது. மறுபடி அடித்தது. கும்பிட வந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

ஓர் இடத்தில் காதை எடுக்கவே இல்லை. அப்படியே இரண்டு கையாலும் மண்ணை வாரினார். முழங்கை ஆழத்தில் பிளாஸ்டிக் பை தெரிந்தது.

போனை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அத்தைதான்.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? மத்தியானமே வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். குழந்தைக்குத் துடிப்பு குறையுதாம். ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. நான் கையெழுத்துப் போடட்டுமா?"

"போடுங்க. வரேன்."

அதற்குள் கோடு போய்விட்டது.

இறங்கி வந்து சொன்னேன். கடைசி இணைப்பு பாக்கி இருப்பதை ரஃபீக் மாமாவிடம் காட்டினார்.

"கம்பி எங்கயும் ஓடாது. கிளம்புங்கோ. பெருமாள் இருக்கார்" என்றார் மாமா.

தார்ப்பாயை அங்கேயே விட்டோம். ரவுண்டு முடிந்து பைக்கில் வந்த காவலர் முன்னால் போய்ச் செக்போஸ்ட் கதவைத் திறந்துவைத்தார். நான் வழியெல்லாம் போன் போட்டேன். மணி போயிற்று, அத்தை எடுக்கவில்லை.

"கைல வச்சிருக்க மாட்டாங்க. பையில கிடக்கும். மறுபடி போடு" என்றார் அண்ணன். குரல் அவருடையது மாதிரி இல்லை.

திருத்துறைப்பூண்டியில் ரஃபீக் டீ வாங்கி வந்தார். நான் குடித்தேன். அண்ணன் கையில் வைத்திருந்தார். ஆறிய பிறகு ரஃபீக்கே வாங்கிக் கொட்டினார்.

மன்னார்குடி தாண்டி ஒரு லாரியை ஆரோக்கியம் முந்தினார். எதிரே பஸ். நாங்கள் மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தோம். பட்டறை வேனில் அவர் இருந்தால் மாட்டு வண்டிகூட எங்களை முந்தும். அப்படிக் கத்துவார்.

"ஏன் மிதிக்க மாட்டேங்கற ஆரோக்கியம்?" என்றார். "போ."

அதன் பிறகு ஆரோக்கியம் மிதித்த மிதியில் வேன் ஆடியது, ஜெனரேட்டர் உருண்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் தஞ்சாவூரிலும் மெதுவா என்று சொல்லவில்லை, திருவெறும்பூரிலும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தை மாடிப்படியில் நின்றிருந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அண்ணன் எங்களைத் தாண்டிப் போனார். தலையெல்லாம் மணல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், எடை எவ்வளவு?"

"ரெண்டு கிலோ எழுநூறு" என்றார் நர்ஸ்.

"மிஷின் சரியா இருக்குமா?"

"ஐயா, நீங்க யாரு? தாத்தாவா?"

அண்ணன் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா. வேற மிஷின் இருந்தா அதுலயும் ஒரு தரம் வச்சுப் பாத்துடுங்க. இவங்களுக்கு ஏற்கனவே ஒண்ணு தங்கல."

நர்ஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், என் மகளைத் துணியோடு தூக்கி, பக்கத்து அறைத் தராசில் வைத்தார். அண்ணன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். முள் ஆடி ஆடி நின்றது.

இரண்டு கிலோ எழுநூறு.