கதவின் அடியில் ஒரு கொப்புளம்

கொப்புளம் கட்டைவிரல் நகத்தளவுதான். காரின் இடதுபக்கக் கதவின் அடியில், கரும்பச்சைப் பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. "அதை மட்டும் எடுத்துட்டு, மொத்த வண்டியையும் லேசா ஒரு கை தேய்ச்சு வையுங்க சார். சனிக்கிழமை வந்து அடிச்சுடறேன்" என்று பெயின்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நூலகர் உப்புத்தாளை மடித்து நாலு தேய் தேய்த்தார். கொப்புளம் போய்விட்டது. கூடவே அந்த இடத்துத் தகடும் போய்விட்டது. ஓட்டைக்குள் அவர் விரல் இரண்டு கணு வரை போனது.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, சத்தம் நின்னுடுச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லைன்னா சத்தம் வரணுமே."

கார் மாமனாருடையது. நூலகரைவிட மூன்று வயது மூத்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவரைச் சாப்பிடச் சொல்லும்மா", "அவருக்கு ஃபேன் வேணுமான்னு கேளு" என்று எல்லாம் மகள் வழியாகத்தான் வரும். போன மாதம் திடீரென்று காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, சாவியை நூலகரின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இதுக்கு நீங்கதான் சரி, மாப்பிள்ளை. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். புதுசு மாதிரி ஆக்கிடுங்க."

மாப்பிள்ளை! நூலகருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நூலகத்தில் கார் பற்றி இருந்த ஆறு புத்தகத்தையும் தன் பேரிலேயே எடுத்துப் படித்தார். ஒரு வாரம் லீவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் பார்க்க வருகிறார்.

ஓட்டையை அடைக்கப் பட்டி குழைத்தார். பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர் பட்டாணி அளவு போதும் என்றது புத்தகம். கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட நிற்கும் என்று நினைத்தது இவர் புத்தி. பட்டி கதவுக்கு வருவதற்குள் தட்டிலேயே கல்லாகிவிட்டது. நடுவில் கரண்டி கொடிக்கம்பம் போல நின்றது.

"அது என் கரண்டிதானே?" என்றாள் மனைவி.

"ஆமா, இருந்தது."

இரண்டாம் முறை பயந்துபோய் ஹார்டனரைக் கிள்ளிப் போட்டார். அது இறுகவே இல்லை. சளி பிடித்த குழந்தை மூக்கு மாதிரி கதவு மறுநாள் வரை ஒழுகிக்கொண்டிருந்தது.

அதைச் சுரண்டி எடுத்ததில் கதவு மட்டும் தனியாகப் பல்லிளித்தது. மற்ற இடங்களையும் அதற்குச் சமமாக்கிவிட வேண்டியதுதான் என்று, பழைய பெயின்ட்டைக் கழற்றும் மருந்தை வாங்கி வந்து கார் முழுக்கப் பூசினார். மருந்து ரொம்ப நல்ல மருந்து. பெயின்ட்டைக் கழற்றியது, கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரையும் கரைத்தது. பின்பக்க மட்கார்டில் எந்தக் காலத்திலோ யாரோ வைத்திருந்த பட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து 'டமால்' என்று விழுந்தது. அங்கேயும் தகடு இல்லை.

"தொட்டதெல்லாம் உதிருதே!" என்று நூலகர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தொடாதீங்களேன்."

"தொடாம எப்படி விடறது? உங்கப்பா வந்து பார்ப்பாரே!"

"இப்படியே விட்டா, பாதியில விட்டுட்டீங்கன்னு சொல்லுவாரு. இதுக்கு மேலயும் செஞ்சீங்கன்னா முழுசா முடிச்சுட்டீங்கன்னு சொல்லுவாரு."

அது நல்ல யோசனைதான். ஆனால் மருந்தின் மிச்சத்தைக் கழுவியே ஆக வேண்டும் என்றிருந்தது மூன்றாவது புத்தகத்தில். சோப்புப் போட்டு, குழாய் பிடித்து, வெள்ளி மாதிரி மின்னக் கழுவினார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும், "பரவாயில்லையே!" என்றாள். கழுவிய கையோடு துடைத்து, காயவைத்து, துருப்பிடிக்காமலிருக்க பிரைமர் அடிக்க வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் சாப்பிட்டுவிட்டு வந்துதான் புரட்டினார். அதற்குள் கார் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது.

சனிக்கிழமை பெயின்டரைக் கையோடு கூட்டி வந்தார். பெயின்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப சார் கடல்லேர்ந்து எடுத்தீங்க?"

"விளையாடாதீங்க. நாளைக்குள்ள ஒரு கோட்டாவது..."

"எதுமேல அடிக்கிறது சார்? பெயின்ட்டுக்குப் பின்னாடி ஏதாவது ஒண்ணு இருக்கணுமில்ல?"

மறுநாள் காலை ஆட்டோ வந்து நின்றது. மாமனாரும் மாமியாரும் இறங்கினார்கள். என்ன சொல்வது என்று நாலு விதமாகப் பேசிப் பழகி வைத்திருந்த நூலகர், ஓடிப்போய் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார்.

மாமனார் காரைச் சுற்றி நடந்தார். கதவு ஓட்டைக்குள் கையை விட்டார். இப்போது முழங்கை வரை போனது. மட்கார்டைத் தட்டினார், ஒரு துண்டு விழுந்தது. முன்கண்ணாடியை ஒற்றை விரலால் தொட்டார், அது ஆடியது. திரும்பி நின்றபோது அவர் கண் இரண்டும் நிறைந்திருந்தன.

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மனுஷன் பதினோரு வருஷம் கழித்து நம்பினான், அந்த நம்பிக்கையை ஒரே வாரத்தில் தேய்த்தே தீர்த்துவிட்டோமே!

"மாமா... மன்னிச்சிடுங்க. உங்க முகத்துல முழிக்கவே எனக்குத் தகுதியில்ல."

மாமனார் இரண்டே எட்டில் வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை! என் மாப்பிள்ளை!" என்றார்.

நூலகர் விம்மிவிட்டார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் மட்டும் ஆட்டோ பக்கத்திலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏன் மாப்பிள்ளை அழறீங்க?" என்றார் மாமியார். "இந்த வண்டியை விக்க நான் ஆள் பேசி முடிச்ச அன்னைக்கே, 'வாங்க வர்றவன் பார்த்ததும் ஓடணும்னா இதை நம்ம மாப்பிள்ளைகிட்ட கொடுத்தாப் போதும்'னு சொல்லித்தானே இந்த மனுஷன் இதை இங்க கொண்டுவந்து விட்டாரு!"