உடும்பு எழுதிய புகழ்மாலை

ஒரு காட்டில் ஒரு நூலகம் இருந்தது. அதனால் அந்தக் காட்டில் எல்லோரும் படித்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மழைக்கு ஒதுங்க அங்கே வந்தவை உண்டு. குட்டி போட வந்தவை உண்டு. ஒழுங்காக உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனது கரையான் ஒன்றுதான்.

கரையான் படிக்கிற வேகத்தைப் பார்த்து அரசாங்கத்துக்கே பயம் வந்தது. என்னென்ன அரிய நூல்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட்டு வைத்தால், என்னென்ன போய்விட்டன என்றாவது பிறகு தெரியும் அல்லவா. பட்டியல் போடத் தெரிந்த ஆந்தை எப்போதோ ஓய்வு பெற்றிருந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. ஆள் எடுத்தால் சங்கம் வைக்கும், கோரிக்கை வைக்கும். ஆகவே ஒரு ஸ்கேனர் வாங்கினார்கள். மலைகளுக்கு அப்பால் ஓர் ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே அணில் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். அங்கே கொக்கு அவற்றைப் பார்த்து, நூலின் பெயர் இது, ஆசிரியர் இவர், பொருள் இது என்று பட்டியலில் ஏற்றும். கொக்கு அந்தக் காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது.

பட்டியலில் ஏறிய நூல் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். ஏறாத நூல் கரையானுக்கு.

செய்தி வந்தபோது சன்னாசி என்கிற உடும்பு பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வயதாகிவிட்டது. வாலில் பழைய காயம். யாராவது கேட்டால் அந்தக் காயத்தின் கதையைச் சொல்லும். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கதை இதுதான். இன்றைய புலி மன்னரின் தாத்தா ஆண்ட காலத்தில் ஓடைத் தண்ணீர் புலிக்கு மட்டும். மற்றவை சேற்றை நக்கிக்கொள்ள வேண்டும். சன்னாசிதான் முதலில் போய்க் கரையில் நகங்களை ஊன்றி உட்கார்ந்தது. புலி வாலைக் கவ்வி இழுத்ததில் வந்ததுதான் அந்தக் காயம். பின்னால் மான் வந்தது, முயல் வந்தது, முள்ளம்பன்றி வந்தது. கரையிலேயே பலர் செத்தார்கள். அந்தச் சூட்டில் சன்னாசி ஒரு சிறு நூல் எழுதியது. தலைப்பு 'ஓடை எல்லோருக்கும்'. நடுப் பக்கத்தில் செத்தவர்களின் பெயர்கள். நூல் காடெங்கும் போனது, கூட்டம் பெருகியது, ஓடை எல்லோருக்கும் ஆனது.

அப்போது ஓநாய்க் காவலர்கள் வருகிற போகிறவர்களின் மூட்டையைச் சோதிப்பார்கள். அட்டையைத் தாண்டிப் படிக்கிற பழக்கம் ஓநாய்க்குக் கிடையாது என்று சன்னாசிக்குத் தெரியும். அதனால் நூலுக்கு மேலே ஒரு பொய் அட்டை போட்டது. 'புலி மாமன்னர் புகழ்மாலை'. அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு அருமையான தந்திரத்தைப் பெயர் போடாமல் விட மனம் வரவில்லை. அட்டையின் கீழே 'இயற்றியது: சன்னாசி' என்று கொட்டை எழுத்தில் போட்டது.

போராடியவர்கள் வைத்திருந்த பிரதிகள் தீயிலும் மழையிலும் போயின. ஒரே ஒரு பிரதி ஓநாயிடம் சிக்கியது. ஓநாய் அட்டையைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, அதை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. மிஞ்சியது அந்தப் பிரதிதான்.

இப்போது பள்ளிக்கூடத்தில், தாத்தா புலி கருணையால் ஓடையைத் தானம் செய்தார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். முயல் குட்டிகள் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு பாறையைத் தாண்டிப் போகும். அந்தக் குட்டிகளின் கொள்ளுப்பாட்டி ராக்கம்மா செத்தது அந்தக் கரையில்தான். ராக்கம்மா என்ற பெயர் எழுத்தில் இருப்பது அந்த ஒரு நூலின் நடுப் பக்கத்தில் மட்டும்.

சன்னாசி வெயிலை விட்டு எழுந்து நூலகத்துக்குப் போனது.

"இது வரிசையில பின்னாடி இருக்கு அண்ணே," என்றது அணில். "இப்ப ஜோசியமும் வைத்தியமும் ஓடுது. புகழ்மாலை எல்லாம் கடைசியில."

"இது புகழ்மாலை இல்லை."

அணில் அட்டையைப் பார்த்தது. "அப்படித்தானே எழுதியிருக்கு."

"எழுதியவன் நான்தான்."

"அதுவும் எழுதியிருக்கு."

சன்னாசி ஸ்கேனர் இருந்த மேசையின் காலை நகத்தால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு காலத்தில் புலியே இழுத்துப் பார்த்து ஓய்ந்த பிடி அது. அணில் அசைத்துப் பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது, வாலைப் பிடித்து இழுத்தும் பார்த்தது. மேசை ஆடியதில் ஸ்கேன் செய்த ஜோசியப் பக்கங்களெல்லாம் கலங்கலாக விழுந்தன. காட்டின் எதிர்காலம் முழுவதும் மங்கிப் போனது.

"விடுங்க அண்ணே," என்றது அணில் சாயங்காலம். "உங்களுதை முதல்ல போட்டுடறேன்."

பல வருஷம் கழித்து ஒரு வெற்றி. சன்னாசி எழுந்து நின்று பார்த்தது. வெளிச்சம் அட்டையின் மீது ஓடியது. பிறகு அட்டையின் பின்புறம். பிறகு கடைசிப் பக்கம். அணில் நூலை மூடிவிட்டது.

"நடுவில்?"

"கொக்கு கேக்கறது இந்த மூணுதான். பேரு, ஆசிரியரு, எத்தனை பக்கம். பட்டியலுக்கு இது போதும்."

"நடுவில்தான் விஷயம் இருக்கிறது."

"எல்லா ஆசிரியரும் அதைத்தான் சொல்றாங்க அண்ணே."

சில நாளில் பட்டியல் வந்தது. 'புலி மாமன்னர் புகழ்மாலை. ஆசிரியர்: சன்னாசி. பொருள்: அரச துதி.'

சன்னாசி அணிலின் போனை வாங்கிக் கொக்கைக் கூப்பிட்டது.

"கடைசிப் பக்கம் உங்களுக்கு வந்ததா?"

"வந்துச்சுங்க ஐயா. தெளிவா இருந்துச்சு."

"அதில் 'ஓடையை விடு, இல்லையென்றால் அரியணையை விடு' என்று இருக்கிறது. இது துதியா?"

"நான் பக்க எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். அது கீழ் மூலையில இருக்கும்."

"எழுதிய நானே சொல்கிறேன். இது ஆட்சியை எதிர்த்து எழுதிய நூல்."

"ஆசிரியர் வாயால சொல்றது செல்லாதுங்க. ஒரு ராஜா போய் இன்னொரு ராஜா வந்தா, புகழ்மாலை பாடினவங்க எல்லாரும் எனக்கு இப்படித்தான் போன் போடறாங்க. எங்களுக்கு அட்டைதான் ஆதாரம்."

"அட்டை பொய்."

"யார் எழுதின அட்டை?"

சன்னாசி போனை வைத்துவிட்டது.

பட்டினி, அடி, சிறை எல்லாம் பார்த்த உடும்பு. ஒரு கொக்குக்குத் தோற்குமா? மத்தியானம் அணில் கொறிக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பொய் அட்டையைக் கிழித்துக் கீழே போட்டது. இப்போது முதலில் தெரிந்தது 'ஓடை எல்லோருக்கும்'. அந்தப் பக்கத்தில் சன்னாசியின் பெயர் இல்லை. கொஞ்சம் வலித்தது. ராக்கம்மாவுக்காகப் பொறுத்துக்கொண்டது. அணில் திரும்பியதும், "அட்டை இல்லாத நூல் ஒன்று கிடக்கிறது, பார்," என்றது.

அணில் அந்த நூலின் முதல் பக்கம், பின்புறம், கடைசிப் பக்கம் மூன்றையும் ஸ்கேன் செய்தது. வேலையில் அது நேர்மையான பிராணி. கீழே கிடந்த கிழிந்த அட்டையையும் எடுத்துத் தூசி தட்டி, தனியாக ஸ்கேன் செய்து அனுப்பியது. கொக்கும் நேர்மையான பிராணிதான். இரண்டாகவே ஏற்றியது. 'ஓடை எல்லோருக்கும். ஆசிரியர்: தெரியவில்லை. மிக அரியது.' அதற்குக் கீழே, 'புலி மாமன்னர் புகழ்மாலை. ஆசிரியர்: சன்னாசி. உட்பக்கங்கள் கிடைக்கவில்லை.'

ஓடை விழாவில் புலி மன்னர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஓடை எல்லோருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு அடக்கமானவர் இந்தக் காட்டில் ஒருவர்தான் இருந்தார். என் தாத்தா."

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. தாத்தாவே எழுதி, தாத்தாவே போராடி, தாத்தாவிடமிருந்தே ஓடையை வாங்கி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார் என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. அடுத்ததாக, தாத்தா காலத்துப் புலவர்களில் உயிரோடு இருப்பவர் என்று சன்னாசியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"அந்த நூலை எழுதியது நான்," என்றது சன்னாசி.

"புகழ்மாலை பாடினது பத்தாதாம்," என்றது கூட்டத்தில் ஒரு முள்ளம்பன்றி. "இப்ப ராஜா புத்தகமும் வேணுமாம்."

அந்த முள்ளம்பன்றியின் அப்பன் பெயரும் நடுப் பக்கத்தில் இருந்தது. சன்னாசி பழைய குரலை எங்கிருந்தோ வரவழைத்து, மன்னரின் முகத்துக்கு நேராக முழங்கியது. "ஓடையை விடு, இல்லையென்றால் அரியணையை விடு."

மேடையோரம் நின்ற ஓநாய்க் காவலர் கைதட்டியது.

"அருமை கவிஞரே. தாத்தா எழுதின கடைசிப் பக்கமாச்சே. பட்டியல் வந்ததுலேர்ந்து தினமும் காலையில அணிவகுப்புல நாங்களே சொல்றோம்."

"என்னைக் கைது செய்."

"எதுக்கு? நீங்க சொன்னது அரசாங்கக் கொள்கை. பொன்னாடை நழுவுது, பிடிச்சுக்குங்க."

விழா முடிந்ததும் தாத்தாவின் நினைவாக ஓடையைச் சுற்றி வேலி போடத் தொடங்கினார்கள். வேலியில் அழகான பலகை ஒன்று தொங்கியது. 'ஓடை எல்லோருக்கும்.' குடிக்க வந்தவை அதைப் படித்துவிட்டுச் சேற்றுப் பக்கம் போயின.

சன்னாசி நேராக நூலகத்துக்குப் போனது. நூல் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் பக்கம் தெரியும்படி இருந்தது. அரச குடும்பத்துப் பொருள் என்பதால் தொடக் கூடாது. நூலின் ஓரத்திலிருந்து மெல்லிய மண் கோடு ஒன்று உள்ளே போயிருந்தது. கரையான் நடுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

சன்னாசி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியது. "ராக்கம்மா. சின்னத்தம்பி. ஊர்க்காவலன். பேச்சி. பேச்சியின் தங்கை." சில இடத்தில் நின்று யோசித்தது. வயதாகிவிட்டது அல்லவா. எழுதி வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் மனப்பாடம் செய்யாமல் விட்டிருந்தது.

அணில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு அண்ணே இவங்கல்லாம்?"

"ஓடையை வாங்கிக் கொடுத்தவர்கள்."

அணில் யோசித்தது. உதவி செய்ய வேண்டும் என்று அதற்கு உண்மையாகவே ஆசை.

"இவங்க பேர் போட்ட அட்டை ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"அப்ப சிரமம்தான் அண்ணே," என்றது அணில். அடுத்த ஜோசிய நூலை எடுத்து ஸ்கேனரில் வைத்தது.

நீதி: ஆட்சியை எதிர்த்து எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அட்டையிலேயே எழுதிவிட்டுச் சிறைக்குப் போய்விடுவது நல்லது. உள்ளே எழுதுவதைக் கரையான்தான் படிக்கும். அது யாரிடமும் சொல்லாது.