விழுந்தவர் விழுந்தபடியே

எழுபது வயதைக் கடந்தவர்கள் இனிமேல் விழக்கூடாது என்று அரசு முடிவு செய்தது. நல்ல முடிவு. எதிர்க்கட்சிக்கே அதை எதிர்க்க மனம் வரவில்லை. முதியோர் வீழ்ச்சித் தடுப்புத் துறை என்று ஒன்று உண்டாக்கி, வீடு வீடாகக் கைப்பட்டை கொடுத்தார்கள். விழுந்தால் பட்டை சிவந்து அலறும். துறைக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நொடியே தகவல் போகும். மற்ற நேரங்களில் பச்சை விளக்கு எரியும். ‘நலம்’ என்று செய்தி போகும். மூன்று முறை விழுந்தவர் தனித்து வாழத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டு, அன்புடன் காப்பகத்துக்கு அப்புறப்படுத்தப்படுவார். ‘அன்புடன்’ என்ற சொல் அரசாணையிலேயே இருந்தது.

மேஸ்திரிக்கு வயது எழுபத்து நாலு. ஐம்பது வருடம் டைல்ஸ் போட்டவர். மட்டம் பார்க்க ரசமட்டக் கருவியை நம்பமாட்டார். தரையோடு தரையாகப் படுத்து, கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நூலிழை மேடு இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலை சமையலறையில் காலுக்கு ஏதோ இடறுவதுபோல் இருந்தது. படுத்துப் பார்த்தார். பட்டை ஊரைக் கூட்டியது. எழுந்து நிற்பதற்குள் மகளின் போன்.

“அப்பா, விழுந்துட்டீங்களா?”

“இல்லம்மா, படுத்தேன்.”

“எங்க?”

“சமையக்கட்டுல.”

“சமையக்கட்டுல யாராவது படுப்பாங்களா?”

“ஒரு டைல்ஸ் தூக்கிக்கிட்டு நிக்குது. மட்டம் பாத்தேன்.”

“இந்த வயசுல இனி யாருக்குப்பா மட்டம் பாக்கப் போறீங்க?” என்றாள். பிறகு, சும்மா தகவலுக்குச் சொல்வதுபோல், “காப்பகத்துல ஜன்னல் பக்கமா ஒரு கட்டில் காலியா இருக்காம்” என்றாள்.

தன் கையால் போட்ட தரையை விட்டுவிட்டு, எவனோ போட்ட கோணல் தரையில் மிச்ச காலத்தை நடந்து தீர்க்க மேஸ்திரிக்கு விருப்பமில்லை. அன்றைக்கே துறை அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். முதியோர் நலன் கருதி லிப்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஏறிப்போய் மூச்சு வாங்க நின்றார்.

“நான் விழவே இல்ல சார். அந்தப் பதிவை அழிச்சுடுங்க.”

எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்க்கவில்லை. “நீங்க இப்ப உங்க வீட்டு சமையலறையில விழுந்து கிடக்கிறீங்க.”

“உங்க முன்னாடி நிக்கிறேனே சார்.”

“அது உங்களோட தனிப்பட்ட கருத்து.”

“மூணு மாடி ஏறி வந்திருக்கேன்.”

“விழுந்து கிடக்கிறவர் படி ஏறக்கூடாது பெரியவரே. தனி விதியே இருக்கு. வயசானவராச்சேன்னு நான் அதை எழுதாம விடறேன்.”

“அப்ப நான் எப்பதான் சார் எழுந்திருப்பேன்?”

“எழுந்தமைச் சான்று வாங்கணும். நீங்க எழுந்திருக்கும்போது அலுவலர் ஒருத்தர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடணும். நீங்கதான் யாரையும் கேக்காம எழுந்து வந்துட்டீங்களே.”

எழுத்தர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கைப்பட்டை கட்டிய அப்பா ஒருவர் இருந்தார். சற்று யோசித்துவிட்டு, “ஒண்ணு செய்யுங்க. இங்கேயே படுத்து எழுந்திருங்க. நான் பாத்ததா எழுதிக்கிறேன்” என்றார்.

அது இரண்டாவது வீழ்ச்சியாகிவிடுமோ என்று மேஸ்திரிக்குப் பயம். வேறு வழியும் தெரியவில்லை. பீரோவுக்கும் மேசைக்கும் நடுவே மெல்லப் படுத்தார்.

பட்டை அலறவில்லை. பச்சையாகவே எரிந்தது. எழுத்தரின் திரையில் ஒரு வாசகம் வந்தது: ‘மேற்படி முதியவர் ஏற்கெனவே வீழ்ந்த நிலையில் உள்ளார். வீழ்ந்தவர் மீண்டும் வீழ இயலாது. நலம்.’

எழுத்தர் அதை மூன்று முறை படித்தார்.

“பெரியவரே, எழுந்திருக்காதீங்க.”

“முதுகு பிடிக்குது சார்.”

“உடம்பு எழுந்திருக்கட்டும். பதிவுல எழுந்திருக்காதீங்க. எழுந்தாத்தானே மறுபடி விழ முடியும்? இப்படியே இருந்தா ஆயுசுக்கும் உங்களுக்கு ஒரே ஒரு வீழ்ச்சிதான். மூணு ஆகவே ஆகாது. உங்க வாசப்படியை ஒருத்தன் மிதிக்க முடியாது.”

“தப்பில்லையா சார்?”

“யாருக்கு நஷ்டம், சொல்லுங்க.”

மேஸ்திரி படுத்தபடியே யோசித்தார். எங்கேயோ ஒரு கோணல் இருக்கிறது என்று மட்டும் மனசு சொன்னது. எங்கே என்று பிடிபடவில்லை. ஜன்னலோரக் கட்டில் கண்ணில் வந்து நின்றது. சரியென்று தலையாட்டிவிட்டு, உடம்பளவில் எழுந்து வீட்டுக்குப் போனார். சேதியை மகளிடமும் பெருமையாகச் சொன்னார்.

எழுத்தர் கண்டுபிடித்ததை மேலாளர் தன் கண்டுபிடிப்பாக இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் அதைத் தன் தொலைநோக்காக அமைச்சரிடம் சொன்னார். எழுந்தமைச் சான்று வழங்குவது மறு உத்தரவு வரும்வரை நிறுத்தப்பட்டது. இதுவரை விழாமல் அலட்சியமாக இருந்துவிட்ட முதியோருக்காக, பூங்காவில் முன்னெச்சரிக்கை வீழ்ச்சி முகாம் நடந்தது. முந்நூறு பேரைப் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள். முந்நூறு பட்டைகளும் ஒரே குரலில் அலறின. அவ்வளவுதான், எல்லோருக்கும் தூசு தட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த மாதம் ஊரில் ஒருவர்கூடப் புதிதாக விழவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. துறைக்கு விருது கிடைத்தது. “நம் முதியோர் அனைவரும் பாதுகாப்பாகக் கிடக்கிறார்கள்” என்று இயக்குநர் ஏற்புரையில் தழுதழுத்தார். கைதட்டியவர்களில் மேஸ்திரியும் ஒருவர்; பதிவின்படி அவர் அப்போது சமையலறையில் இருந்தார்.

முன்பெல்லாம் தினமும் காலையில் பேசிவிடும் மகள், ‘நலம்’ என்று செய்தி தவறாமல் வந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினாள்.

ஒரு புதன்கிழமை குளியலறையில் மேஸ்திரிக்குக் கால் வழுக்கியது. இந்த முறை படுக்கவில்லை. விழுந்தார். இடுப்பு தரையில் மோதிய சத்தம் அவர் காதுக்கே கேட்டது. முகத்துக்கு நேரே கிடந்த கையில் பட்டை எரிந்தது, பச்சையாக, சத்தமில்லாமல். யாராவது வருவார்கள் என்று அரைமணி நேரம் பார்த்தார். பிறகு குழாயைப் பிடித்து, கதவைப் பிடித்து, எப்படியோ எழுந்து மகளைக் கூப்பிட்டார்.

“என்னப்பா, புதன்கிழமையில?”

“விழுந்துட்டேம்மா.”

“இருங்க.” அவள் திரையைப் பார்ப்பது தெரிந்தது. “இல்லையேப்பா. நலம்னு வந்திருக்கே. பத்து நிமிஷந்தான் ஆச்சு.”

“குளியலறையில. இடுப்புல நல்ல அடி.”

“உங்களாலதான் இனி விழவே முடியாதுன்னு நீங்களே சொன்னீங்களேப்பா.” குரல் சட்டென்று தணிந்தது. “நிஜமாவே விழுந்தீங்களா? சொல்லுங்க. அப்படின்னா நான் துறைக்கு எழுதிக் கொடுத்துடறேன். பழைய கணக்கெல்லாம் திறந்து பாக்கட்டும், ஆபீசுல படுத்ததையும் சேத்தா மூணு ஆயிடும். அந்தக் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு.”

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி முதுகுவழியாகக் கழுத்து வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு. அதான் சும்மா ஒரு பொய்.”

“பாத்தீங்களா” என்றாள் மகள், நிம்மதியாக. “அது தப்பாச் சொல்லவே சொல்லாதுப்பா.”