மைலோ டின்னுக்குக் காப்புக் கட்டியவர்

மூளைக்குள்ளே ஒரு ஜாகா, அதாவது காவல்காரன், உட்கார்ந்திருக்கிறானாம். கேட்டைத் திறப்பதும் சாத்துவதும் அவன் வேலையாம். அவனை மட்டும் பழக்கிவிட்டால் கண்ட நினைப்பும் உள்ளே நுழையாதாம். யாரோ ஒரு டாக்டர் பேசியதை மச்சினர் கேட்டு வந்து சொன்னதாக, ஜாசின் பசாரில் மீன்காரர் சொன்ன சேதி இது. நியாலாஸ் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு சாமியாரையே உண்டாக்கிவிட்டது.

கவனச் சாமியார்! உங்களுக்குத் தெரிந்தவர்தான். இனிப் போனைத் தொடுவதில்லை என்று விரதம் எடுப்பார். எடுத்த செய்தியைப் போனிலேயே நாற்பது பேருக்கு அனுப்புவார். ‘சபாஷ்’ போட்டவர் யார், போடாதவர் யார் என்று அடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பார். கோயிலில் பக்கத்து ஆள் போனை எடுத்தால், கற்பூரத் தட்டு வந்து போனதுகூடத் தெரியாமல் அவரையே முறைப்பார். கேட்டால், கட்டுப்பாடாம்.

நியாலாஸ் செம்பனைத் தோட்டத்துக் கிராணி தங்கராஜு இந்த இனத்தின் சிகரம். பதினெட்டு வருஷமாகத் தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி, இப்போது பெரிய கிராணி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். இன்று மூன்று மணிக்கு மலாக்கா ஆபிஸிலிருந்து போனில் இன்டர்வியூ. எடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குப் படிக்கத்தான் விரதமே. காலையில் போனை மைலோ டின்னுக்குள் போட்டு, மூடி, மாசி மகத்துக் காவடிக்காரர் மாதிரி மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார்.

“நாலு மணி வரைக்கும் எவன் அவிழ்த்தாலும் தெய்வக் குத்தம்!”

“ஏங்க, மூணு மணிக்கு...” என்றார் மனைவி அனுசியா.

“பேசாத! ஜாகா டூட்டில இருக்கான்.”

“என்னமோ பண்ணுங்க லா.”

படித்தது ஒரு பக்கம். டின்னைப் பார்த்தது அறுபது தடவை. போனை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பொழுது போனால், பாவம், அந்த ஜாகா வேறு எதைத்தான் கவனிப்பான்? திருடன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்காரரின் லாரியை வெளியில் நிறுத்திவிட்டான். மூன்று மணி என்ற நினைப்பு கேட்டுக்கு வெளியே நின்றது.

மூன்றடித்தது. டின்னும் அடித்தது. மேசைமேல் கிடுகிடுவென்று நகரவே ஆரம்பித்துவிட்டது.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுச் சுரேன் கத்தினான்: “அண்ணே, போன்!”

“அடிக்கட்டும் தம்பி. கை நடுங்குதா பாரு.”

அடுப்படியிலிருந்து அனுசியா ஓடிவந்தார். “ஐயோ, அது மலா...”

தங்கராஜு உள்ளங்கையை உயர்த்தி, கண்ணை மூடினார். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு கட்டுப்பாடாக அவர் இருந்ததே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை நிம்மதியாகப் படிக்க வேண்டுமென்று சற்றுமுன் வீட்டில் ஒருவரை “பேசாதே” என்று அடக்கினீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டீர்களா?

டின் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.