விழுப்புரம் ரோட்டில் என் முகம்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
12.12.2003

பெருமதிப்பிற்குரிய மச்சான் புருஷோத்தமன் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை கமலவேணியின் கணவன் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் ஸ்டுடியோவும் சுகம். விழுப்புரத்தில் நீங்களும் வசந்தா அக்காவும் கல்யாணப் பெண் துர்காவும் சுகமாக இருக்க மயிலம் முருகனை வேண்டுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை துர்காவின் வருங்கால மாமியாரை, அதான் நம்ம சம்பந்தியம்மாவை, அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறுங்கள். இடது பக்க ஜன்னல் சீட்டாகப் பிடியுங்கள். எங்கள் பஸ் நிறுத்தத்தில், இருபதடி உயரத்தில், வேட்டி கட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். அது நான்தான்.

காரணம் உங்களுக்கே தெரியும். போன மாசம் உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களைப் பார்த்த சம்பந்தியம்மா, எதிலும் நான் இல்லை என்பதால், "உங்க நாத்தனார் வூட்டுக்காரரு தவறிட்டாரா?" என்று வசந்தா அக்காவிடம் கேட்டார்களாம். காதுகுத்து, மஞ்சள் நீர், கிரகப்பிரவேசம் அத்தனையையும் எடுத்தவன் நான். எடுத்தவன் எப்படி மச்சான் படத்தில் இருப்பான்? அதைக் கேட்ட அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மயிலத்தான் பார்த்துத்தான் வழி விட்டிருக்கிறான்.

சங்கதி இதுதான். எங்கள் ஊர் வேட்டிக் கடை முதலாளி அன்பழகன் பொங்கலுக்கு ரோட்டோரம் போர்டு வைக்க, நோணாங்குப்பம் படகுத்துறையில் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து வந்த மாடல் படகில் ஏறியதுமே வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். வெயில் ஏறுது, முதலாளி தலையில கைவெச்சு உட்கார்ந்துட்டார், அப்புறம் என்னை மேலேயும் கீழேயும் பார்த்து, "கலியமூர்த்தி, நீங்களே நில்லுங்க. ஒயரம் இருக்கு, மீச இருக்கு, வேற என்னா வேணும்?" என்றார். மறுத்தேன். இரண்டு தரம்தான் மறுத்தேன். கேமராவைக் கமலவேணி வாங்கிக்கொண்டாள். முகத்தில் வெளிச்சம் விழ எனக்குத் தெர்மாகோல் அட்டை பிடித்துப் பிடித்து அவளுக்கும் தொழில் அத்துப்படி. கல்யாண மாப்பிள்ளைகளை நான் விரட்டுகிற மாதிரியே என்னை விரட்டினாள். "தாடைய எறக்குங்க. தொப்பைய உள்ள இழுங்க. சிரிங்க... அவ்ளோ வேணாம்." மூச்சைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வெளிச்சம் சரியா இருக்கான்னு ஒவ்வொரு படத்துக்கும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேன், நாலாவது தடவை வேட்டி தடுக்கிப் பலகையில விழுந்தேன், எழுந்து நின்னா படகுக்குக் காத்திருந்த கூட்டமே கைதட்டுது. எனக்குக் கைதட்டினாங்க மச்சான்!

ஒரே ஒரு சின்னக் குறை. ரோலைக் கழுவிப் பார்த்தால் முப்பத்தாறு படத்திலும் என் இடது கண் மூடியிருக்கிறது. இத்தனை வருசமா வலது கண்ணைக் கேமராவுல வெச்சு இடது கண்ணை மூடின பழக்கம், 'ரெடி'ன்னு காதுல விழுந்தாலே அது தானா மூடிக்குது. பார்த்தால் ஊரையே பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கிறது. "இந்த வயசுல யாரப் பாத்து?" என்றாள் கமலவேணி. முதலாளிதான், "கவலப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல கண்ணத் தொறந்துடலாம்" என்று தைரியம் சொன்னார்.

இன்றைக்குப் போர்டு ஏறுகிறது. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சலூன், டீக்கடை ஒன்று விடாமல் சொல்லியாகிவிட்டது. சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்க்கட்டும், நான் உயிரோடு, அதுவும் இருபதடியில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். துர்கா போகிற இடத்தில் மகராசியாக வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை,
கலியமூர்த்தி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் போர்டைப் பார்த்துவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் நின்றே இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் கண் திறக்கவில்லையாம், கழுத்தோடு வெட்டிவிட்டார்கள். வேட்டி, சட்டை, கை, கால் எல்லாம் என்னுடையது. தலைக்குப் பதில் கடைப் பெயர். சம்பந்தியம்மாவை அழைத்து வர வேண்டாம் மச்சான், மானம் போய்விடும்.

இதை எழுதுகிற நேரத்திலேயே உங்கள் தங்கை, பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடம், "மேல நிக்கிறது எங்க வூட்டுக்காரரு" என்று உரக்கச் சொல்கிறாள். "தலையே இல்லியே, எப்டிம்மா சொல்ற?" என்கிறார் ஒருவர். "இருவத்திரண்டு வருசம் குடும்பம் பண்ணிட்டு, நிக்கிற நெலைய பாத்தா தெரியாதா எனக்கு? என்னா அழகா நிக்கிறாரு பாருங்க!"

மேலே வேண்டாம் என்று எழுதியதைப் படிக்காதீர்கள். சம்பந்தியம்மாவை அவசியம் அழைத்து வாருங்கள். கமலவேணி காட்டுவாள்.