வலது பக்கம் திருப்பினா ஹோர்ன் அடிக்கிற ஸ்டியரிங்

பலாபத்வல,
செவ்வாய்க்கிழமை.

கண்ணியத்துக்குரிய இத்ரூஸ் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சீனாவின் குவாங்சோ நகரில் தாங்களும் மாமியும் பூரண சுகத்துடன் இருக்க துஆ செய்யும் மருமகன் ஷிஃபான் எழுதிக்கொள்வது. இங்கே உம்மா, வாப்பா, நான் எல்லாரும் சுகம். சுகம்னா ஒடம்புக்கு மட்டும்தான் மாமா, மத்தபடி நான் முடிஞ்சேன். வொய்ஸ் அனுப்பினா டபுள் ஸ்பீட்ல கேட்டுட்டு 'ஓகே'னு போடுறீங்க, அதான் கடிதமா எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன்.

ஒங்க ஊரு கம்பனி ஒண்ணுலேருந்து நம்ம வாகன சாமான் கடைக்கு ஸ்டியரிங் வீல் ஒரு பெட்டி, பத்து, எறக்கினேன். நானே ஒன்லைன்ல தேடிப் புடிச்ச கம்பனி, அஞ்சு ஸ்டார். அதுல ஒண்ண என் கையாலயே புஹாரி மாமாட வேன்ல பூட்டிக் குடுத்தேன், சும்மா, அன்பளிப்பா. ஞாயித்துக்கெழம வீட்டுல அவர் மக அம்றாவ எனக்குக் கேட்டுப் போறாங்கல்ல, அதுக்கு முன்னாடி ஒரு மரியாதை. மனுசன் அன்னிக்கே ஆள் ஏத்திக்கிட்டு ரிவர்ஸ்டன் மலைக்கு ஹயர் போயிருக்காரு. வலது பக்கம் திருப்பினா ஹோர்ன் தன்னால அடிக்குது மாமா! ரத்தோட்டைக்கு மேல வளைவுக்கா பஞ்சம்? தேயிலைக் கொழுந்து எடுக்கிறவங்க எல்லாம், யாரோ தெரிஞ்சவங்க போறாங்கன்னு நிமிந்து கை காட்டினாங்களாம். இவரும் வளைவுக்கு வளைவு திருப்பிக் கை காட்டினாராம். எறங்கி வந்து நேரா நம்ம கடை வாசல்ல நிறுத்திட்டாரு. "டேய், இது ஸ்டியரிங்கா, பீப்பீயா?"

நான் பேசாம மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆனா யப்பான் குவாலிட்டி வீடியோ ஒண்ணு விடாம பாக்கிற ஆளாச்சே. பிழை வந்தா அஞ்சு தரம் 'ஏன்'னு கேக்கணுமாம், அஞ்சாவது பதில்லதான் உண்மையான காரணம் இருக்குமாம். எழுதிக்க கொப்பியும் பேனையும் எடுத்துட்டேன்.

"ஹோர்ன் ஏன் அடிச்சிச்சு?"

"வலது பக்கம் திருப்பினேன்."

"ஏன் திருப்பினீங்க?"

"ரோடு திரும்புதுடா மடையா!"

"ஏன் அந்த ரோட்டுல போனீங்க?"

"ஹயர வேணாம்னு சொல்லவா?"

"ஏன் இந்த ஸ்டியரிங்கப் பூட்டினீங்க?"

"நீதானே பூட்டினாய்!"

"என்னைய ஏன் பூட்ட விட்டீங்க?"

"அதத்தான்டா என் பொஞ்சாதியும் கேக்குறா."

அத அப்பிடியே இங்கிலீசுல மாத்தி, ஒரு எழுத்து விடாம, கம்பனிக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்துல பதில்: "அன்பு நண்பரே, ஒங்க அறிக்கைப்படி பிழைக்குக் காரணம் நீங்கதான். நன்றி. முறைப்பாடு முடிஞ்சிது." கீழ ஒரு பூப்படம் வேற.

மாமா, இந்தக் கடிதம் கெடச்ச ஒடனே கம்பனிக்கு நேர்ல போய் சண்டை புடிங்க. நல்ல ஸ்டியரிங் ஒண்ண ப்ளேன்ல அனுப்ப வைங்க. புஹாரி மாமாவுக்கும் போன் கோல் எடுத்து, பிழை சீனாக்காரன்ட, மருமகன் தங்கம்னு சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி. என் வாழ்க்கையே ஒங்க நாக்குலதான் தொங்குது.

மாமிக்கு என் ஸலாம். தங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
அஞ்சு தரம் ஏன்னு கேட்டு அகப்பட்டுக்கிட்ட
ஷிஃபான்

பி.கு: மாமா, சண்டை புடிக்காதீங்க! இப்பத்தான் புஹாரி மாமா கோல் எடுத்தாரு. இன்னிக்கு ரிவர்ஸ்டன்ல ஒரே பனிமூட்டமாம், ரோடே தெரியலையாம். வலது வளைவுல எதிர்ல வந்த பஸ்காரன் ஹோர்ன் சத்தம் கேட்டு நிறுத்திட்டானாம். வேன்ல இருந்தவங்க எல்லாம் 'என்னா கவனமான டிரைவர்'னு கை தட்டினாங்களாம். "மருமகனே, இடது பக்கத்துக்கும் அடிக்கிற மாதிரி ஒண்ணு பூட்டித் தாங்க"ங்கிறாரு. மருமகனே! கம்பனிக்காரங்ககிட்ட எனக்காக ஸாரி சொல்லிட்டு, அந்தப் பிழைய எப்பிடி செஞ்சாங்கன்னு மட்டும் கேட்டு எழுதுங்க. பெட்டியில மிச்சம் இருந்த ஒம்பதையும் பூட்டிப் பாத்துட்டேன், ஒண்ணுலயும் ஒரு பிழை இல்ல. என்ன செய்றதுன்னே வெளங்குதில்ல.